காற்றைக் கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் நான்கு நாள் நடை

ராமநாதபுரம் கடலோரத்தில் ஏறுவதற்கு மலை இல்லை. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடமான கந்தமாதன பர்வதம்கூட ஒரு மணல்மேடுதான். எரிமலைப் பாறையிலும் மழைக்காட்டிலும் நடப்பதற்காகக் கடல் கடந்து போய் வந்த நண்பர் ஒருவர், "உங்கள் ஊரில் நடக்க என்ன இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். தை மாதக் கடைசியில் அவரைக் காரங்காட்டுக்கு அழைத்துப் போய், ஆணி அடித்து வைத்தாற்போல் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் அலையாத்தி வேர்களுக்கு முன்னால் நிறுத்தினேன். அடுத்த ஆண்டு அவர் தன் மகளையும் அழைத்து வந்தார்.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன், நான்கு நாளில் இந்தக் கரையை எப்படி நடந்து பார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிலோமீட்டர் நடை. இடையில் வேன். நடக்கும் பழக்கம் உள்ள எவராலும் முடியும். அறுபதைத் தாண்டியவர்களும் வந்திருக்கிறார்கள்.

முதலில் காற்று, பிறகு தேதி

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். விடுமுறையைப் பார்த்துத் தேதியைக் குறிக்கிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள், வந்து இறங்கிய பிறகு வானத்தைப் பார்க்கிறார்கள். மலையில் இது ஓரளவு செல்லும். இந்தக் கரையில் செல்லாது.

இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்தில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான்காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை நிலைமை மாறிவிடும்: தென்கடல் எகிறும், வடகடல் குளம்போல் படுத்துக்கிடக்கும். மீனவர்கள் இதற்கேற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்கிறார்கள். நடப்பவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். கடலின் ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே நீங்கள் எந்தக் கரையில் நடப்பது என்பதை நிலா தீர்மானிப்பதில்லை, காற்றுதான் தீர்மானிக்கிறது.

இந்த நடைக்கு உகந்த காலம் தை பிற்பாதியிலிருந்து பங்குனி முற்பாதி வரை. மழை முடிந்திருக்கும், வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது, வலசை வந்த பறவைகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயல் மாதங்கள்; வேண்டாம். சித்திரை, வைகாசியில் வர வேண்டும் என்றால் நுங்கும் பதநீரும் உண்டு, ஆனால் காலை எட்டரைக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது.

கச்சான் காலத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆனி மாதத்தில் ஒரு முறை அலுவலக விடுமுறைக்கு இணங்கி ஒரு குழுவை தனுஷ்கோடிக்கு அழைத்துப் போய்விட்டேன். முழங்காலுக்குக் கீழே மணல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணியும் ஊசியாகக் கெண்டைக்காலில் குத்தியது. சாலை பாதி மணலில் மூடிக் கிடந்தது. ஒரு கிலோமீட்டர்கூட நடக்காமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேனுக்குத் திரும்பினோம். குழந்தை ஒன்றுக்குக் கண்ணில் மணல் விழுந்து மாலை வரை வீக்கம் இறங்கவில்லை. அதன்பிறகு தேதியைக் காற்றிடம் கேட்டுவிட்டுத்தான் குறிக்கிறேன்.

நல்ல காலத்திலும் சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தை அமாவாசை, மகாசிவராத்திரி நாட்களில் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது, சாலையில் வேன் நகராது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் வரும். அப்போது படகும் படகோட்டியும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

ஏன் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

காற்றடிக்கும் கரையில் ஒருவர் பேசுவது எட்டாவது ஆளுக்குக் கேட்கும், பதினைந்தாவது ஆளுக்குக் கேட்காது. அவர் செல்போனை எடுத்துவிடுவார், பிறகு வழிதவறுவார். எளிய காரணம் அது. இன்னொன்று பூநாரைகள். தண்ணீரில் நின்று இரை தேடும்போது அவை தலையைக் கவிழ்த்து வைத்திருக்கும். ஆட்கள் நெருங்கினால் முதலில் ஒன்றிரண்டு கழுத்தை நிமிர்த்தும். பிறகு எல்லாம் நிமிர்த்தும். பிறகு ஒரே திசையில் மெல்ல நடக்கத் தொடங்கும். அந்த நடைதான் எச்சரிக்கை. அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் கூட்டம் முழுதும் எழுந்துவிடும். எட்டுப் பேரைக் கையைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடலாம். பெரிய கூட்டத்தை நிறுத்த முடிந்ததே இல்லை. நெடுந்தூரம் பறந்து வந்த பறவை வயிறு நிரப்பும் இடத்தில் அதைக் கிளப்பிவிடுவது எனக்குப் பொறுக்காது.

வழிகாட்டியாக மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரையே தேடுங்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், காரங்காடு என ஒவ்வோர் ஊரிலும் கரையைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். சேறு எங்கே தாங்கும், எங்கே இடுப்புவரை இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். கூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கடலுக்குப் போகாமல் உங்களோடு வருகிறார் என்றால், ஒரு நாள் மீன்பாட்டை அவர் விட்டுவிட்டு வருகிறார். அதை மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

அனுமதியில் விளையாட்டு வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள அதன் 21 தீவுகளில் யாரும் இஷ்டப்படி இறங்கக்கூடாது. "நான் இறக்கி விடுகிறேன்" என்று படகுக்காரர் யாராவது சொன்னால் அவருடன் போகாதீர்கள். வனத்துறை நடத்தும் படகில் மட்டும் ஏறுங்கள். எல்லோர் கையிலும் ஆதார் அட்டை இருக்கட்டும். இது சர்வதேசக் கடல் எல்லையை ஒட்டிய பகுதி, கடலோரக் காவல் பிரிவினர் கேட்பார்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காலும் தண்ணீரும்

ஷூ பெரிதல்ல, காலுறைதான் பெரிது. வலைத்துணி ஷூவுக்குள் பொடிமணல் புகுந்து இரண்டாம் நாளே விரலிடுக்கைத் தேய்த்துவிடும். பின்வார் உள்ள செருப்பும் தடித்த பருத்திக் காலுறையும் போதும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். சீமைக்கருவேல முள் அதை ஊடுருவி உள்ளங்காலில் ஏறும், நுனி உடைந்து உள்ளேயே தங்கும். ஊசியும் இடுக்கியும் வழிகாட்டியின் பையில் இருக்க வேண்டும்.

மணலில் நடக்கும் முறை ஒன்று உண்டு. அலை வந்து போன ஈர வரியில், தண்ணீர் இழுத்து இறுகிய மணலில் நடங்கள். காய்ந்த மணலில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போவதே பாடு. ஈர மணலில் நான்கு போகலாம். ஆனால் அந்த வரி கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஒரு மணி நேரம் நடந்தால் மேட்டுப்பக்க முழங்கால் வலிக்கத் தொடங்கும். அரைமணிக்கு ஒரு முறை மேலே ஏறிச் சமதளத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். எட்டுப் பேருக்கு 32 லிட்டர், வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் இன்னும் எட்டு. ஆளுக்கு இரண்டைத் தோளில் சுமந்து, மீதியை வேனில் வைத்து, நடுவழியில் வேனைச் சந்திக்கும்படி திட்டமிடுங்கள். எலுமிச்சையும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்த நீராகாரம் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. தலைக்கு ஒரு துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. நடை காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிய வேண்டும்.

ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும். அடித்துவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், எரிச்சல் கூடும்.

முதல் நாள்: காரங்காடு, தேவிபட்டினம்

திருவாடானை வட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே இருக்கிறது காரங்காடு. ஊர்மக்களோடு சேர்ந்து வனத்துறை அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகிலும், துடுப்புப் போடத் தெரிந்தால் கயாக்கிலும் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். காலையில் முதல் படகைப் பிடியுங்கள்.

படகோட்டி மோட்டாரை நிறுத்தும் இடத்தில் பேச்சையும் நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் சேறு சொடுக்குப் போடுவது கேட்கும். குனிந்து பார்த்தால், மூச்சு வேர்கள் விரல்தடிமனில், சாண் உயரத்தில், நூற்றுக்கணக்கில் நிற்கும். சேற்றில் காற்று கிடையாது; அதனால் இந்த மரம் தன் வேரையே மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெயில் ஏறியதும் இலையின்மேல் உப்புத் துகள் பூத்திருக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலைவழியாக வெளியே தள்ளுகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். யாருக்கும் அது மறப்பதில்லை.

வேர்களை மிதித்துக்கொண்டு உள்ளே நடக்காதீர்கள். ஓரத்து மேட்டுப் பாதை போதும். மாலையில் தேவிபட்டினம், கடலுக்குள் நிற்கும், நவக்கிரகங்களாக வழிபடும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு, இரவு ராமநாதபுரத்தில் தங்குங்கள்.

இரண்டாம் நாள்: திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை

இது கால் பழகும் நாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலிலிருந்து சேதுக்கரைக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர், பனைகளுக்கு நடுவே. விடியலில் பனை ஏறுபவர்களைப் பார்க்கலாம். சேதுக்கரையில் கடலைத் தொட்டுவிட்டு, கிழக்கே கால் தாங்கும் தூரம் கரையோரமாகப் போய்த் திரும்புங்கள். மதியம் கீழக்கரையில் சாப்பாடு. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களை வெளியூர்க்காரர்கள் அதிகம் பார்ப்பதில்லை, தொழுகை நேரம் தவிர்த்துக் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். துதல் என்னும் இனிப்பை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் நாள்: மண்டபம், பாம்பன், குந்துகால்

பாலத்தை வேனில் கடந்துவிடுங்கள். 1988-இல் திறந்த சாலைப்பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும், காற்றும் ஆளைத் தள்ளும். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். 1914-இன் பழைய ரயில் பாலம் நடுவில் பிளந்து இருபுறமும் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறுகிறது.

பாம்பனில் இறங்கி வடகரைக்கு நடங்கள். இங்கே காலுக்குக் கீழே இருப்பது பாறை என்று நினைப்பீர்கள். கை வைத்துத் தடவிப் பாருங்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், மூளை மடிப்பைப் போன்ற வரிகள். அது பவளம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்த திட்டு, கடல்மட்டத்துக்கு மேலே வந்து செத்து, கரையாகிவிட்டது. எரிமலைத் தீவில் நெருப்பு செய்த வேலையை இங்கே கடுகளவு உயிர்கள் செய்திருக்கின்றன. என்னைக் கேட்டால் இந்த நான்கு நாளில் மிக அதிசயமான இடம் இதுதான்; கோயிலுக்கு விரையும் வண்டிகள் இதன் அருகிலேயே நிற்காமல் போகின்றன.

ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். 2001 முதல் பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குழந்தை பையில் போட்டுக்கொண்டாலும் குற்றம்தான். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து தென்கரையில் சின்னப்பாலம், குந்துகால். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் குந்துகால். நினைவு மண்டபம் இருக்கிறது. ஆனால் நான் அதற்கு முன்பே நின்றுவிடுவேன். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கரை ஏறும் நேரத்துக்குப் போனால், விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். பாறை கையைக் கிழிக்காமல் இருக்க அந்தச் சுற்று. கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்துக் கொண்டு வருகிறார்கள். ஜெல்லிபோல இறுகும் அகர் என்னும் பொருளும், ஐஸ்கிரீமைக் குழைவாக்கும் பொருளும் இத்தகைய பாசிகளிலிருந்துதான் கிடைக்கின்றன. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஈரச்சேலையோடு குளிரில் நிற்பவர் கேமராவுக்காக நிற்கவில்லை.

இரவு ராமேஸ்வரம். கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் பெரும்பாலும் சைவச் சாப்பாடு. மீன் வேண்டுமானால் வழியில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ முடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குள் படுத்துவிடுங்கள்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். புயலில் அழிந்த பழைய ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு நாலரை. 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு எல்லோரும் வண்டியில் கால்மணி நேரத்தில் முனைக்குப் போய், படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சாலையை விட்டுத் தென்கரையில் இறங்குங்கள். இந்த மாதங்களில் அந்தப் பக்கம் அடங்கியிருக்கும். திரும்பி நடக்க வேண்டாம், முனைக்கு வேன் வரட்டும்.

மணல்மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும். இராவணன் மீசையின் காய்ந்த முட்பந்து காற்றில் உருண்டு உங்களை முந்திக்கொண்டு போகும். இந்தச் செடிகள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஏறி மிதிக்காதீர்கள். டிராக்டர் டயர் பதிந்தாற்போல் கடலிலிருந்து ஏறி இறங்கும் தடத்தைக் கண்டால், இரவில் பங்குனி ஆமை வந்து போயிருக்கிறது. ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். தடத்தைக் கலைக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். டார்ச்சோடு இரவில் ஆமை தேடிப் போவது கூடாது. வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

வடக்கே சாலைக்கு அப்பால் தேங்கிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கலாம். 2025 ஜூனில் ஏறக்குறைய 525 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சாலையோரத்திலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். அந்தச் சேறு மேலே காய்ந்து உள்ளே நெகிழ்ந்திருக்கும்.

பழைய ஊரில் அரைமணி நேரம் உட்காருங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், ரயில் நிலையமும் தபால் நிலையமும் தேவாலயமும் கொண்ட துறைமுக ஊர் ஒரே இரவில் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்குள் போனது. தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: நேற்றுப் பாம்பனில் தடவிய அதே நட்சத்திரக் குழிகள். பவளக் கல்லை வெட்டித்தான் இந்த ஊரைக் கட்டினார்கள். அந்தச் சுவரில் ஏறிப் படம் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்கிறார்கள்.

அவர்களிடம்தான் ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரு வயதான அம்மா எங்களுக்காகச் செய்து காட்டினார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலை இரண்டு கையாலும் வழித்து, முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்தார். அடியில் மணல் கறுத்தது, பிறகு பளபளத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறித் தெளிந்தது. சிரட்டையால் மொண்டு கொடுத்தார். உப்பே இல்லை. குழுவில் இருந்த பையன் ஆர்வத்தில் இன்னும் தோண்டப் போனான். "ஆழமாகத் தோண்டாதே தம்பி, உப்பு ஏறிவிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். கிளறினால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். ஆளுக்கு ஒரு வாய் போதும், பாட்டிலில் நிரப்பாதீர்கள். அது அவர்களுடைய குடிநீர்.

அரிச்சல்முனையில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் கூடும் இடத்தில் கரை சட்டென்று ஆழமாகிறது, நீரோட்டம் இழுக்கிறது, உயிர்கள் போயிருக்கின்றன. மாலைக்கு மேல் யாரும் தங்க முடியாது, போலீஸார் வெளியேற்றிவிடுவார்கள். நம் நடை பத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் அவசரம் இல்லை.

மதியச் சாப்பாட்டை தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் ஒன்றில், முந்தின நாள் மாலையே வழிகாட்டி மூலம் சொல்லி வையுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் விடியலில் கரைக்கு வரும் வலையிலிருந்து அதற்கேற்ப மீன் எடுத்து வைப்பார்கள். சோறு, மீன்குழம்பு, பொரித்த மீன். இலையையும் தண்ணீர் பாட்டில்களையும் சாக்கில் கட்டி வேனில் ஏற்றி ராமேஸ்வரத்துக்கு எடுத்து வாருங்கள். அங்கே குப்பை அள்ள வண்டி வராது.